ஏழு மீட்டர் உயரத்தில் ஒரு மின் மீட்டர்: ஐரோப்பாவின் பசுமை மாற்றத்தில் யாருடைய இழப்பு கணக்கில் வருகிறது?

(மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காலநிலை மாற்றம் பற்றிய கூட்டங்களில் ஐரோப்பா என்ற பெயர் வந்தால், அது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பகுதி மாதிரிதான் வரும். அங்கே செய்து முடித்துவிட்டார்கள், மற்றவர்கள் எப்போது செய்யப் போகிறார்கள் என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் எரிசக்திக் கொள்கையில்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அந்த விடை எப்படிப் போடப்பட்டது, யார் தலையில் போடப்பட்டது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புவி சூடாவது உண்மை. நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்பதும் உண்மை. இதில் ஐரோப்பா சாதித்தது எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1990-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் உமிழ்வு 2023-க்குள் ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருக்கிறது. 2030-க்குள் 55 விழுக்காடு குறைப்போம், 2050-க்குள் நிகரப் பூஜ்யத்துக்கு வருவோம் என்று 2021-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். 2024-இல் ஒன்றியத்தின் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதி காற்று, சூரியன், நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. 1882-இல் லண்டனில் உலகின் முதல் நிலக்கரிப் பொது மின் நிலையத்தைத் திறந்த நாடு அது. 142 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கை முடித்துக்கொண்டது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

என் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குச் செலவு உண்டு. ஒருவருக்கு வேலை போகும், ஒருவருக்கு நிலம் போகும், ஒருவருக்கு விலை ஏறும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று எங்கே, யார் முடிவு செய்கிறார்கள்? ஐரோப்பாவின் கடந்த முப்பது நாற்பது ஆண்டு அனுபவத்தைப் படித்ததில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: முடிவெடுக்கும் மேசையில் உட்காரும் வலிமை யாருக்கு இருந்ததோ அவர்களுடைய இழப்புக்கு அங்கே 'இழப்பு' என்று பெயர். அதற்கு ஈடு உண்டு. மற்றவர்களுடைய இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. மின்சாரம் சுத்தமாகிவிட்டால் மட்டும் இந்தப் பழக்கம் மாறிவிடாது.

சில ஊர்களை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதல் ஊர் பல்கேரியாவின் தென்மேற்கில் இருக்கும் தூப்னித்சா. அங்கே ரோமா மக்கள் வாழும் ஒரு குடியிருப்பு, கிஸ்தோவா மஹலா. நம்மூரில் பள்ளிவாசலை ஒட்டி மஹல்லா என்கிறோமே, அதே அரபிச் சொல்தான் துருக்கியர் ஆட்சியில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ரோமா மக்களை ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக 'ஜிப்ஸி' என்று இழிவாக அழைத்தது. ருமேனியப் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் அடிமைகள். நாஜிகள் லட்சக்கணக்கில் அவர்களைக் கொன்றார்கள். இன்றும் பல நகரங்களில் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு, தனி வகுப்பறை. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே ஒதுக்குவது என்றால் என்ன என்று இந்த அரங்கில் நான் விளக்கத் தேவையில்லை.

1999, 2000 ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பில் மின்சார மீட்டர்களைக் கம்பத்தில் ஆறிலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில் பொருத்தினார்கள். அதாவது இரண்டு மாடி உயரம். மற்ற பகுதிகளில் அதே மீட்டர் 1.70 மீட்டருக்கு மேல் போகாது. வீட்டுக்குள் இருக்கும், அல்லது சுவரில், வேலியில் இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால், இந்தப் பகுதியில் மின்சாரம் திருடுகிறார்கள், மீட்டரைத் திருத்துகிறார்கள் என்று மின் விநியோக நிறுவனம் சொன்னது. யார் திருடினார்கள் என்று தனித்தனியாகப் பார்க்கவில்லை. தெருவையே திருடர் தெரு என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அம்மா 2008-இல் புகார் கொடுத்தார். பில் கூடுதலாக வருகிறது என்று சந்தேகம், ஆனால் என் மீட்டரை என்னால் பார்க்க முடியவில்லை என்றார். அவர் ரோமா இனத்தவர் இல்லை. ரோமா குடியிருப்பில் கடை வைத்திருந்தார், அவ்வளவுதான். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலை 16 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு குடியிருப்பு முழுவதையும் இப்படி நடத்துவது அங்கே வாழ்பவர்களை இழிவுபடுத்துகிறது, அவர்கள் மேல் முத்திரை குத்துகிறது என்று நீதிமன்றம் சொன்னது. இன அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிரான சட்டம், அந்த இனத்தில் பிறக்காமல் அதே பாதிப்பை அனுபவிப்பவருக்கும் பொருந்தும் என்றது. திருட்டைத் தடுக்க வேறு வழி இருக்கிறதா, இந்த அளவு இழிவு தேவைதானா என்று பல்கேரிய நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

காலநிலைக் கொள்கையைப் பேச வந்தவன் ஏன் மீட்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கொள்கையின் பெரும்பகுதி அந்த மீட்டரின் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள், குறைத்துக்கொள்ளுங்கள், வெயில் நேரத்தில் மின்சாரம் மலிவு, அப்போது பயன்படுத்துங்கள், கூரையில் சூரியத் தகடு போட்டு உபரியை விற்றுக்கொள்ளுங்கள், வீட்டுச் சுவருக்குக் குளிர் புகாத பூச்சு போட மானியம் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் உங்கள் பேரில் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பட்டா இருக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் மனது வைக்க வேண்டும். இவை இல்லாதவர்களைத் திட்டம் தேடிப் போகாது.

இரண்டாவது இடம் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் விளிம்பில் இருக்கும் கனியாதா ரியல். ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் நீளும் முறைசாராக் குடியிருப்பு. அதன் இரண்டு பகுதிகளில் 2020 அக்டோபர் தொடக்கத்தில் மின்சாரம் நின்றுபோனது. ரோமா குடும்பங்களும் மொராக்கோவிலிருந்து வந்த குடும்பங்களுமாக நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருளில் விடப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,800 பேர் குழந்தைகள். இங்கேயும் காரணம் அதேதான். கஞ்சா வளர்க்கிறார்கள், மின்தடத்தில் சுமை கூடுகிறது என்றார்கள். சிலர் செய்த குற்றத்துக்கு ஊரே இருட்டு. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மாட்ரிட் பல பத்தாண்டுகளில் காணாத பனிப்புயல் அடித்தது. அப்போதும் விளக்கில்லை, வெப்பமில்லை. ஸ்பெயின் தன் கடமையை மீறிவிட்டது என்று ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 2025-இல் வெளியான முடிவில் சொன்னது.

இதே ஸ்பெயினில் 2024-இல் உற்பத்தியான மின்சாரத்தில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்கது. உலக மாநாடுகளில் கைதட்டு வாங்கும் எண்ணிக்கை அது. கனியாதா ரியலில் சில குடும்பங்கள் தாங்களே கடன்பட்டும் கேட்டு வாங்கியும் கூரையில் சூரியத் தகடு வைத்துக்கொண்டார்கள். விளக்கு எரியும், செல்பேசி ஏறும். பனிக்கால இரவில் ஒரு வீட்டைச் சூடாக்க அது போதாது. பசுமை மின்சாரம் நாட்டில் பெருகுவதும், அது ஒரு குடிசைக்குப் போய்ச் சேருவதும் இரண்டு வேறு வேலைகள். முதல் வேலையைச் சந்தை செய்துவிடலாம். இரண்டாவது வேலைக்கு அரசியல் வேண்டும்.

இது ரோமா மக்களோடு முடிகிற கதையும் இல்லை. 2023-இல் ஒன்றியத்தின் மக்களில் 10.6 விழுக்காட்டினர், அதாவது நாலரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள், வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்துக்கொள்ள வசதியில்லை என்று சொன்னார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுக்கல்லிலும் பல்கேரியாவிலும் ஐந்தில் ஒருவர். லக்சம்பர்க்கில் நூற்றுக்கு இரண்டு பேர். ஐரோப்பா என்றால் ஒரே மாதிரி வளமான வீடுகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை.

இந்த வீடுகளின் மேல்தான் கார்பனுக்கு விலை வைக்கும் கொள்கை வருகிறது. பிரான்சில் 2014-இல் கார்பன் வரி கொண்டுவந்தார்கள். டன்னுக்கு 7 யூரோவில் தொடங்கி 2018-இல் 44.60 யூரோவுக்கு ஏற்றினார்கள். 2019 ஜனவரியில் டீசலுக்கு லிட்டருக்கு ஆறரை சென்ட் மேலும் ஏறும் என்றார்கள். அதே 2018-இன் தொடக்கத்தில் பெரும் பணக்காரர்கள் கட்டிவந்த சொத்து வரியை எடுத்துவிட்டு, நிலம், கட்டடத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். விமான எரிபொருளுக்கு வரி கிடையாது. பேருந்து நின்றுபோன சிற்றூரிலிருந்து பழைய டீசல் காரில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வேலைக்குப் போகும் செவிலியருக்கு வரி உண்டு. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். 'இவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை' என்று தலைநகரத்து அறிவாளிகள் பேசினார்கள். மறித்தவர்கள் கேட்டதோ, ஏன் எங்களுக்கு மட்டும் என்பதுதான். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பிரான்சின் கார்பன் வரி அதே 44.60 யூரோவில் நிற்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரையின் கடைசியில் இது எனக்குத் தேவைப்படும்.

தொழிற்சாலைகளின் பக்கம் வாருங்கள். ஐரோப்பாவின் கார்பன் சந்தை 2005-இல் தொடங்கியது. உமிழ்வதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் எஃகு, சிமெண்ட், ரசாயனம் போன்ற தொழில்களுக்கு அந்தச் சீட்டில் பெரும்பகுதி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. விலை வைத்தால் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அவர்கள் சொன்னார்கள், அரசுகள் கேட்டுக்கொண்டன. எல்லையில் கார்பன் வரி வந்த பிறகும், எஃகு, சிமெண்ட் போன்றவற்றுக்கான இலவசச் சீட்டு 2026-இலிருந்து படிப்படியாகக் குறைந்து 2034-இல்தான் முழுதாக நிற்கும். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு அவகாசம்.

இப்போது வீட்டு அடுப்புக்கும் வாகன எரிபொருளுக்கும் இரண்டாவது கார்பன் சந்தை ஒன்றைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். அதனால் அடிபடும் குடும்பங்களுக்கென்று சமூகக் காலநிலை நிதியம் என ஒன்று வைத்திருக்கிறார்கள். 2026 முதல் 2032 வரை, நாடுகளின் பங்கையும் சேர்த்து 8,670 கோடி யூரோ. இது மஞ்சள் சட்டைகள் கற்றுக்கொடுத்த பாடம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணம் எந்தக் கதவைத் தட்டும்? தூப்னித்சாவில் கம்பத்து உச்சியில் மீட்டர் தொங்கும் வீட்டை அது கண்டுபிடிக்குமா? பட்டா இல்லாத கனியாதா ரியல் வீட்டைக் கண்டுபிடிக்குமா? ஆலைகளுக்கு அவகாசம் தானாகவே வந்து சேர்ந்தது. ஏழை வீடு மட்டும் தான் ஏழை என்று ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டும்.

இனி வேலை இழப்பைப் பார்ப்போம். தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்காகவே இந்தப் பகுதி.

ஜெர்மனியின் ரூர் பகுதி. 1950-களில் மேற்கு ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சம் பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் இங்கேதான். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரில் மூடப்பட்டது. 2018-இல் மூடுவோம் என்று 2007-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தப் பதினொரு ஆண்டுகளில் வேலைநீக்க ஓலை கொடுத்து யாரையும் வெளியே அனுப்பவில்லை. முன்கூட்டியே ஓய்வூதியம், மறுபயிற்சி, வேறு வேலை என்று ஒவ்வொருவருக்கும் வழி செய்தார்கள். முதலாளிகளின் நல்ல மனதுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. 1951-லேயே சட்டம் வந்துவிட்டது: நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் தரப்புக்கும் முதலாளித் தரப்புக்கும் சம இடங்கள். வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் மிரட்டிப் பெற்ற சட்டம் அது. மேசையில் பாதி நாற்காலி இருந்ததால் அவர்களுடைய இழப்பு கணக்கில் வந்தது.

அதே ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதிக்கு வாருங்கள். பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் ராட்சதச் சக்கரத்தால் மண்ணை வாரும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான் அங்கேயும் தோண்டுகிறார்கள். 1990-இல் இரண்டு ஜெர்மனிகள் ஒன்றானபோது கிழக்கின் பழுப்பு நிலக்கரித் துறையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பத்தாண்டுகளில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியே. ரூர் தொழிலாளிக்குக் கிடைத்த அவகாசம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனிலும் அப்படித்தான். 1984-85-இல் ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தாட்சர் அரசு முறித்தது. சங்கம் உடைந்த பிறகு ஊர் ஊராகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பல சுரங்க ஊர்கள் இன்னமும் எழுந்திருக்கவில்லை. பிரிட்டனின் உமிழ்வு குறைந்ததைப் பாராட்டும்போது, அதில் ஒரு பங்கு இப்படிக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லவுசிட்ஸில் இன்னும் ஒரு கதை இருக்கிறது. சோர்பு என்ற ஸ்லாவிய மொழிச் சிறுபான்மையினர் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறார்கள். இன்று ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். நாஜிகள் அவர்களுடைய அமைப்பைத் தடை செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும், 1920-களிலிருந்து, நிலக்கரிக்காக அந்தப் பகுதியில் 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டன. குடியரசு போய் நாஜி வந்து, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து, பிறகு ஒன்றுபட்ட ஜெர்மனியும் வந்தது. ஆட்சிகள் மாறினாலும் ஊரை அள்ளுவது நிற்கவில்லை. ஊர் கலைந்தால் அந்த ஊரில் பேசிய மொழியும் கலைந்துபோகும். சில நூறு குடும்பங்களை நகர அடுக்ககத்தில் சிதறவிட்டால் அடுத்த தலைமுறை ஜெர்மன்தான் பேசும். நிலக்கரியை விடுவதால் மிஞ்சிய சோர்பு ஊர்கள் பிழைக்கும். அந்த வகையில் இந்த மாற்றம் அவர்களுக்கு நல்லது. அதே சோர்பு வீடுகளில் சுரங்கச் சம்பளத்தில் வாழ்பவர்களும் உண்டு. வாழ்க்கை அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை.

நிலக்கரியை எப்போது விடுவது என்று முடிவு செய்ய ஜெர்மனி 2018-இல் ஒரு குழு அமைத்தது. வாக்குரிமை உள்ளவர்கள் 28 பேர். தொழில் நிறுவனங்கள், சங்கங்கள், அறிவியலாளர்கள், சூழல் அமைப்புகள், பாதிக்கப்பட்ட பகுதியினர் என எல்லோருக்கும் இடம். 2019 ஜனவரியில் 27 பேர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். எதிர்த்தவர் லவுசிட்ஸின் கிராமங்கள் சார்பில் வந்தவர். எங்கள் ஊர் காப்பாற்றப்படும் என்ற உறுதி இந்த அறிக்கையில் இல்லை என்றார். 2020-இல் வந்த சட்டம் 2038-ஐக் கெடுவாக வைத்தது. சுரங்க, மின் நிறுவனங்கள் இரண்டுக்கு 435 கோடி யூரோ வரை இழப்பீடு. சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை உதவி. 1990-இல் கைவிடப்பட்ட மக்களுக்கு இந்தத் தொகை பெரியதுதான். ஆனால் பணம் வருவதற்குள் நம்பிக்கை போய்விட்டது. காலநிலை மாற்றம் மனிதன் செயலே இல்லை என்று பேசும் ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி, 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் லவுசிட்ஸ் அடங்கிய பிராண்டன்பர்க், சாக்சனி இரண்டு மாநிலங்களிலும் முதலிடம் பிடித்தது. இதற்கு நிலக்கரி மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும், உங்களை மீண்டும் ஒருமுறை குப்பையில் போடப் போகிறார்கள் என்ற அவர்களுடைய பிரச்சாரம் எடுபட்டதற்கு 1990-களின் நினைவும் ஒரு காரணம்.

கடைசி ஊர் நார்வேயில். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பாவின் பசுமை முன்னோடி என்று பெயர் வாங்கிய நாடு. வடக்கே வாழும் தொல்குடி மக்களுக்குச் சாமி என்று பெயர். சிரிக்காதீர்கள், நம்மூர்ச் சாமிக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெயின்டீர் எனப்படும் பனிமான்களை மேய்ப்பது அவர்களில் பலருடைய தொழில், பண்பாடு, உறவுமுறை எல்லாமே. அவர்களுடைய பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியைப் பேசவிடாமல் நார்வேக்காரர்களாக்கும் கொள்கையை அந்த அரசு நூறு ஆண்டுக்கும் மேல் நடத்தியது.

ஃபூசென் தீபகற்பத்தில் அவர்களுடைய குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் இரண்டு காற்றாலைப் பண்ணைகளுக்கு 2010-இல் உரிமம் கொடுத்தார்கள். மொத்தம் 151 காற்றாலைகள். மேய்ப்பர்கள் எதிர்த்தார்கள். சுழலும் காற்றாலைகளின் பக்கம் பனிமான்கள் போவதில்லை. பனிக்காலத்தில் மேய்ச்சல் போனால் மந்தை போகும், மந்தை போனால் பிழைப்பு போகும். கட்டுமானத்தை நிறுத்திவையுங்கள் என்று 2018 டிசம்பரில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. குழு கேட்டது. நிறுத்தவில்லை. வழக்கு நடக்கும்போதே கட்டி முடித்தார்கள்.

2021 அக்டோபர் 11 அன்று நார்வே உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: உரிமம் செல்லாது. சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது. பசுமை ஆற்றல் தேவை என்ற வாதத்துக்கும் நீதிமன்றம் பதில் சொன்னது. தேவைதான், ஆனால் இந்த மக்களை இவ்வளவு பாதிக்காத வேறு வழிகளும் இருந்தன என்றது.

தீர்ப்பு வந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு மாதம், ஓராண்டு, ஐநூறு நாள். 2023 பிப்ரவரியில் சாமி இன இளைஞர்கள் தங்கள் மரபு உடையில் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கிரேட்டா துன்பர்க் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார். காலநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணித்த அதே கிரேட்டாதான், இந்தக் காற்றாலைகளுக்கு எதிராக. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர் குழுக்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுதோறும் இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் போன்றவை கிடைத்தன. காற்றாலைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வழக்கில் வென்றவர்கள், தோற்றவரோடு பேரம் பேசி வாழ வேண்டியதாயிற்று. அந்த இரண்டு பண்ணைகளில் ஒன்றில் பெரும்பங்கு வைத்திருப்பது நார்வே அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம் என்பதையும் சொல்ல வேண்டும். அரசுடைமை என்றாலே நீதி வந்துவிடாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நேர்மையான மறுப்பும்கூட. 'பூமி எரிகிறது. சில நூறு மேய்ப்பர்களுக்காக, சில ஆயிரம் குடிசைகளுக்காக, உலகமே காத்திருக்க முடியுமா? முதலில் கார்பனைக் குறைப்போம், நீதியைப் பிறகு பார்ப்போம்' என்பார்கள்.

இப்போதுதான் பிரான்சின் 44.60 யூரோ எனக்குத் தேவைப்படுகிறது. நீதியைப் பிறகு பார்க்கலாம் என்று அவசரப்பட்டுப் போட்ட வரி, 2018-லிருந்து ஓர் அடி நகரவில்லை. ஃபூசெனில் முதலிலேயே மேய்ப்பர்களோடு உட்கார்ந்து இடத்தை மாற்றியிருந்தால் பத்தாண்டு வழக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை. 2018 அக்டோபரில் ஸ்பெயின் தன் சுரங்கங்களை மூடும் முன்பே சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டது. 25 கோடி யூரோ, முன்கூட்டிய ஓய்வூதியம், மறுபயிற்சி. பெரிய எதிர்ப்பு இல்லாமல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அநீதியான வழி வேகமான வழி என்று நினைப்பது தவறான கணக்கு. ஆனால் அதே ஸ்பெயின்தான் இரண்டு ஆண்டு கழித்துக் கனியாதா ரியலை இருளில் விட்டது. சுரங்கத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. ஊர் விளிம்பில் இருந்த ரோமா தாய்க்கு மேசையில் நாற்காலி இல்லை. ஒரே நாடு, ஒரே காலம், இரண்டு நீதி.

சங்கம் என்பதன் எடையை இன்னொரு தீர்ப்பும் காட்டுகிறது. 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்து காலநிலையைக் காக்கத் தவறியதால் மக்களின் உரிமையை மீறிவிட்டது என்றது. வழக்குப் போட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய பெண்களின் சங்கமும், தனித்தனியாக நான்கு பெண்களும். தனியாக வந்த நால்வருக்கு வழக்காடும் தகுதி இல்லை என்றது நீதிமன்றம். சங்கத்துக்கு உண்டு என்றது. எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள், இந்த ஒரு வேறுபாட்டில்!

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவில் பேசியபோது அவர் தொழில்நுட்பத்தில் தொடங்கவில்லை. மின்சாரம் அரசுடைமையா தனியுடைமையா, மக்களுக்கு அது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க என்ன வழி, வறுமையை ஒழிக்க அது எப்படி உதவும் என்பவைதான் அவர் முன்வைத்த கேள்விகள். மின்சாரம் எதற்காக, யாருக்காக என்பதை முதலில் கேட்கும் முறை அது. ஐரோப்பாவின் பசுமைத் திட்டங்களைப் படிக்க எனக்கு அந்த முறைதான் உதவுகிறது.

ஒரு திட்டம் 'நியாயமான மாற்றம்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் நான் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கிறேன். வரைபடத்தில் கோடு போடும் நாளில் அந்த நிலத்து மக்கள் அறையில் இருந்தார்களா, அல்லது கோடு போட்ட பிறகு கருத்துக் கேட்டார்களா? சங்கம் இல்லாதவர்கள், பட்டா இல்லாதவர்கள், பதிவேட்டில் இல்லாதவர்கள் ஆகியோரின் இழப்பு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? பயன் மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே வருமா, அல்லது இணைப்பே இல்லாத வீட்டிலிருந்து தொடங்குமா? பெரும்பாலான ஆவணங்களில் முதல் கேள்விக்கு அரைகுறைப் பதில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் பதில் இருக்காது.

தூப்னித்சாவின் அந்த மளிகைக் கடை அம்மா கேட்டது மிகச் சிறிய விஷயம். என் மீட்டரை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட ஏழு ஆண்டு வழக்காடித்தான் கேட்க வேண்டியிருந்தது என்றால், இந்த மாற்றத்தை நியாயமாக நடத்துவதற்கு எவ்வளவு பேர் எவ்வளவு காலம் கூடிப் போராட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்விகளுக்கு நேரம் விட வேண்டும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜெய்பீம்.